டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு தூக்கு கேப்பைக் கூழ்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் பரீட்சை எழுதாத மூன்றாம் வகுப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு விஷயத்துக்கு வருகிறேன். விழுப்புரத்தில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற ஒரு மனையில், தகரக் கூரை போட்டு, பன்னிரண்டு தடுப்பு வைத்து, நாய்ப் பண்ணை கட்டினேன். கொத்தனாரைக் கூப்பிடவில்லை. செங்கல்லை நானே அடுக்கினேன், இரண்டு சுவர் சாய்ந்தது, மூன்றாவது இன்றைக்கும் நிற்கிறது. கிணறு வெட்டினேன். “நாயைக் காசு குடுத்து எவனாவது வாங்குவானா?” என்று சிரித்த அதே ஊரில், செங்கல்பட்டிலிருந்து கடலூர் வரைக்கும் பாமரேனியன் குட்டி வேண்டுமென்றால் விழுப்புரம் ஏழுமலையைப் பார் என்று சொல்ல வைத்தேன். இரண்டு பெண்களைக் காலேஜுக்கு அனுப்பினேன். சிபாரிசு என்று யார் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. அதற்கு முன்னால் விக்கிரவாண்டியில் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஓட்டலில் தட்டு கழுவிக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், அப்போதுதான் மேலே சொன்னதன் உயரம் தெரியும்.

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கு அனுபவம் எழுதச் சொல்லிச் சங்கத்திலிருந்து கேட்டீர்கள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், கதையைத் திருத்தாதீர்கள். எந்த ஊசி எப்போது, எந்த மாத்திரை எத்தனை நாள் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு குட்டி, ஒரே ஒரு காலை நேரம், நான் செய்த ஒரே ஒரு பெரிய தப்பு. சின்னத் தப்புகள் நிறைய உண்டு, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் ஆரம்பம். மாற்றலாகிப் போன ரயில்வே அதிகாரி ஒருவர், கூட்டிப்போக முடியாமல் தன் பொட்டை நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வெள்ளைப் பாமரேனியன். அதிலிருந்துதான் எல்லாம். தொழில் கற்றுக்கொடுத்தவர் மெட்ராஸ்காரர், குட்டி வாங்கி விற்கிறவர். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை பாசஞ்சரில் வந்து இறங்குவார். பெயரைச் சொல்லமாட்டேன், குடும்பம் இருக்கிறது. நாயை எப்போது சேர்ப்பது, ஈன்ற நாயை எப்படிப் பார்ப்பது, குட்டியின் பல்லைப் பார்த்து நாள் சொல்வது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். அதோடு இதையும் கற்றுக்கொடுத்தார்:

“இத பாரு ஏழுமல. வாங்குறவன் நாயப் பாக்கமாட்டான், அது இன்னா துண்ணுதுன்னுதான் கேப்பான். பிரெட்டு, பாலு, கொஞ்சம் வெண்ணெய்னு சொல்லு. சீமை நாயின்னா சீமைச் சாப்பாடு. கூழுன்னு மட்டும் வாயத் தொறந்துடாத. கூழு குடிக்கிற நாய எவன்டா கார்ல ஏத்துவான்?”

எங்கள் பண்ணையில் குட்டிகள் சாப்பிட்டது கூழ்தான். என் வீட்டுக்காரி காய்ச்சுகிற கேப்பைக் கூழ். அதில் நெத்திலிக் கருவாட்டுத் தூள். மரக்காணத்திலிருந்து வாரம் ஒரு கூடை வரும். அவள் அதை மூன்று தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்து, மறுபடி காயவைத்து, இடித்து, டப்பாவில் போட்டு வைப்பாள். என் குட்டிகள் உருண்டையாக, முடி புசுபுசுவென்று, கண் பளபளவென்று இருந்ததற்குக் காரணம் அந்த டப்பா. ஆனால் விற்கும்போது நான் டப்பாவைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு பிரெட்டு, பால், வெண்ணெய் என்று பாட்டுப் பாடுவேன்.

வீட்டுக்காரி ஒரு தடவை கேட்டாள்: “துண்றதச் சொல்றதுக்கு உனக்கு இன்னாய்யா வெக்கம்? நாமளும் அதத்தான துண்றோம்.”

“உனக்கு வியாபாரம் தெரியாது, போ” என்றேன்.

திண்டிவனத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவர். கீழே இன்ஸ்டிட்யூட், மாடியில் வீடு. நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் வேலை, வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோவார். பிள்ளை கிடையாது. கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து நாலு குட்டியையும் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே சின்னதாக இருந்த பொட்டைக் குட்டியைக் காட்டினார். ஐம்பது நாள் குட்டி, உள்ளங்கையில் உட்காரும்.

“எங்க வீடு சைவம். முட்டைகூடக் கிடையாது. இதுக்கு ஒத்துவருமா?”

“பேஷா ஒத்துவரும்ங்க. பொறந்ததுலேர்ந்து பிரெட்டும் பாலும்தான். மீன் வாசனையே இதுக்கு ஆகாதுங்க.”

நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குட்டி என் விரலை நக்கிக்கொண்டிருந்தது. காலையில் கருவாட்டு டப்பாவைத் திறந்த விரல்.

“பாசமா இருக்கே” என்றார் டீச்சரம்மா.

“ஆமாங்க, நம்ம கையில வளந்தது” என்றேன்.

வியாழக்கிழமை எடுத்துப்போனார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து மெடிக்கல் ஷாப்புக்குப் போன் வந்தது. குட்டி சாப்பிடவில்லை. இரண்டு நக்கு நக்குகிறது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. “புது எடம்ங்க, ஏக்கம் இருக்கும். ரெண்டு நாள்ல சரியாப்பூடும்” என்றேன். சனிக்கிழமை காலையில் மறுபடியும் போன். டீச்சரம்மாதான். “நாய்க்காரரே, பாலை வாந்தி எடுக்குது. பிரெட்டை மோந்துகூடப் பாக்கல. ராத்திரி பூரா மூலையில ஒண்டிக்கினே இருக்கு. நீங்க வந்து பாருங்க.”

போயிருக்கவே மாட்டேன், உண்மையைச் சொல்கிறேன். ஆனால் திண்டிவனத்தில் எனக்கு வேறு ஒரு வேலை இருந்தது. மல்லாட்டை மண்டி முதலாளி ஒருவர், வேர்க்கடலை வியாபாரம், அடுத்த ஈற்றில் இரண்டு குட்டி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் பெண் டீச்சரம்மாவிடம்தான் டைப் படித்துக்கொண்டிருந்தது. “டீச்சர் வீட்டுக் குட்டியைப் பார்த்துவிட்டு முடிவு சொல்றேன்” என்று சொல்லியிருந்தார். அவர் பார்க்கும்போது குட்டி மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தால் என் கதி என்ன? அதனால்தான் பஸ் ஏறினேன். குட்டிக்காக இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பத்து, பத்தரை இருக்கும். வாசலில் மண்டி முதலாளியின் ஸ்கூட்டர். உள்ளே வரிசையாகப் பத்து மிஷின், பத்தும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி, நடுவில் நடுவில் ‘டிங்’ என்று ஒரு மணி. எனக்கு ஒரே சந்தோஷம். பழி போட இடம் கிடைத்துவிட்டது.

குட்டி டீச்சரம்மா மேஜைக்கு அடியில், வெல்வெட் மெத்தையில் சுருண்டிருந்தது. அதற்குக் ‘கமா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தூங்கும்போது அந்த மாதிரி வளைந்து கிடக்குமாம். எனக்குக் கமா என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரியும், புள்ளிக்கு வால் முளைத்த மாதிரி ஒன்று. முன்னால் வெள்ளிக் கிண்ணத்தில் பால், அதில் ஊறிப்போன பிரெட்டு.

மண்டி முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். “இன்னாய்யா ஏழுமல, உன் சீமை நாயி சீக்கா இருக்குது?”

“சீக்கு இல்லைங்க மொதலாளி. இந்த மிஷின் சத்தம். நம்ம பண்ணை அமைதியான எடம். குட்டி மிரண்டுபோய்க் கெடக்குது.” பண்ணைக்குப் பின்னால் நாளைக்கு எத்தனை ரயில் போகும் என்பதை நான் சொல்லவில்லை. ரயில் போகும்போது என் குட்டிகள் தலையைக்கூடத் தூக்காது.

டீச்சரம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையைத் தட்டினார். “எல்லாரும் நிறுத்துங்க.”

பத்து மிஷினும் நின்றது. அவ்வளவு நேரம் சத்தத்தில் இருந்துவிட்டு அந்த நிசப்தம் காதை அடைத்தது. பிள்ளைகள் விரலை மிஷின் மேலேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரம்மா குனிந்து கிண்ணத்தைக் குட்டிக்குப் பக்கத்தில் நகர்த்தினார். “கமா. வா. இப்ப சத்தம் இல்ல, வாடா கண்ணு.”

குட்டி எழுந்தது. இரண்டு அடி வைத்தது. பாலை மோந்தது, முகத்தைத் திருப்பியது. அப்புறம் பின்னங்கால் இரண்டும் மடங்கியது. பக்கவாட்டில் சாய்ந்தது. உடம்பு லேசாக வெட்டி வெட்டி இழுத்தது.

“செத்துடுச்சா டீச்சர்?” என்று ஒரு பெண் கேட்டது.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மண்டி முதலாளி எழுந்து, “மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுய்யா, ஜல்தி” என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். டீச்சரம்மா செருப்பைத் தேடினார். நான் குட்டியைக் கையில் எடுத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. வாயைத் திறந்து ஈறைப் பார்த்தேன், வெளுத்திருந்தது. அந்த ஒரு நொடியில் முடிவு எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடியில். அந்த நேரத்தில் டாக்டர் கிராமத்துக்கு மாடு பார்க்கப் போயிருந்தாலும் போயிருப்பார். அதுவரை இது தாங்காது. சின்ன ஜாதிக் குட்டிக்கு வயிறு எலுமிச்சம்பழம் அளவுதான். அது காலியாகவே கிடந்தால் உடம்பில் இருக்கிற சர்க்கரை இறங்கிவிடும், சூடும் இறங்கிவிடும். பார்க்கிறவனுக்கு வலிப்பு மாதிரித் தெரியும். வலிப்பு இல்லை, பசி.

“டீச்சரம்மா, வெல்லம் இருக்குதாங்க? இல்லாட்டிச் சர்க்கரை. வெந்நீர் ஒரு டம்ளர். ஓடாதீங்க, மொதல்ல இது.”

சட்டையைத் திறந்து குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். வெல்லத்தைக் கரைத்து விரலில் தொட்டு ஈறில் தடவினேன். துவண்டு கிடக்கிற குட்டியின் தொண்டையில் எதையும் ஊற்றாதீர்கள், புரை ஏறிச் செத்துப்போகும். தடவ வேண்டும். தடவினேன், மறுபடி தடவினேன். சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் இருக்கும், என் விரலில் சின்னதாக ஒரு நாக்கு பட்டது.

“நக்குது” என்றேன்.

டீச்சரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். “மூணு நாளா நானும் சரியாச் சாப்பிடல, நாய்க்காரரே” என்றார்.

எல்லாம் முடிந்தது என்றுதான் அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். எனக்கு மட்டும் முடியவில்லை என்று தெரியும். வெல்லம் அரை மணி தாங்கும், அதிகமாகப் போனால் ஒரு மணி. அதற்குள் நிஜச் சாப்பாடு உள்ளே போகவில்லை என்றால் குட்டி மறுபடியும் விழும். இரண்டாவது தடவை விழுந்தால் வெல்லம் எழுப்பாது. டீச்சரம்மா மறுபடி பிரெட்டை எடுத்தார். குட்டி அதன் பக்கமே திரும்பவில்லை.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அந்தக் குரலை இன்றைக்கும் மறக்கவில்லை, தப்பாக அடித்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற குரல். “நாய்க்காரரே. இது உங்க வீட்ல கடைசியா என்ன சாப்பிட்டுது? எல்லாருக்கும் சொல்றத சொல்லாதீங்க. இது சாப்பிட்டதச் சொல்லுங்க.”

பக்கத்தில் மண்டி முதலாளி. சுற்றிப் பத்துப் பிள்ளைகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டுப் பிள்ளை, மத்தியானத்துக்குள் விஷயம் திண்டிவனம் முழுக்கப் போய்விடும். சொன்னால் பண்ணையின் பெயர் போகும். சொல்லாவிட்டால் சட்டைக்குள் இருக்கிறது போகும். அதன் நெஞ்சு என் வயிற்றில் கடிகாரத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

“கேப்பைக் கூழுங்க” என்றேன்.

“அப்புறம்?”

“கருவாடுங்க. நெத்திலி. இடிச்சுப் போடுவோம்.”

“பிரெட்டு?”

“பிரெட்ட இது கண்ணால பாத்ததே உங்க வீட்லதாங்க.”

ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். டீச்சரம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் மிஷினுக்குள்ளேயே புகுந்துவிடுவான் போலிருந்தது. மண்டி முதலாளி துண்டை உதறித் தோளில் போட்டார். “கருவாடு துண்ற நாயி எங்க தெருவுலயே ஆறு இருக்குது. அத்தினியும் ஓசி. நான் வர்றேன் டீச்சர்” என்று கிளம்பிவிட்டார். ஸ்கூட்டர் உதைக்கிற சத்தம் கேட்டது. இரண்டு குட்டி விற்கிற சத்தம் அப்படியே தெருவில் போனது. அவர் கடைசிவரை என்னிடம் வாங்கவேயில்லை.

டீச்சரம்மா ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாடிக்குப் போனார், ஒரு சின்னத் தூக்கோடு இறங்கினார். “கூழுக்காரம்மா பஸ் ஸ்டாண்டுல இருப்பா. கருவாடும் வச்சிருப்பா. வேற என்ன சொல்லணும்?”

“நான் போறேங்க.”

“நீங்க அத எறக்காதீங்க. என்ன சொல்லணும்?”

“வெங்காயம், மொளகா போடாத கூழுங்க. மோர் ஊத்தாதது. கருவாடு நெத்திலி, மசாலா இல்லாம.”

சைவக் குடும்பத்து அம்மா, பட்டப்பகலில், தூக்கைப் பிடித்துக்கொண்டு கூழ் வண்டிக்குப் போய் நின்றார். அங்கே நடந்ததைத் திரும்பும்போது கூழுக்காரம்மாவே எனக்குச் சொன்னாள். “டீச்சரம்மா கருவாடு கேட்டுதுய்யா. ‘உங்களுக்காம்மா?’ன்னேன். ‘ஆமா, எனக்குத்தான், குடு’ன்னுது. இத்தினி வருசம் கழிச்சு முழுகாம இருக்குதா? நல்ல சேதியாய்யா?” நான் நல்ல சேதிதான் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பேச்சு அடங்க இரண்டு மாதம் ஆனது என்று கேள்வி.

கருவாட்டுப் பொட்டலத்தை டீச்சரம்மா உடம்பை விட்டு ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொண்டு வந்தார். பின்பக்கக் குழாயடியில் மூன்று தண்ணீரில் நன்றாக அலசினேன். இடிக்க அம்மி கேட்டேன். “அம்மியத் தொடக்கூடாது” என்றார். சுற்றிப் பார்த்தார், மேஜை மேல் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டை எடுத்துக் கொடுத்தார். டைப் அடித்துப் போட்ட காகிதத்தின் மேல் கருவாட்டை வைத்து, பேப்பர் வெயிட்டால் நசுக்கினேன். கூழை வெந்நீரில் இளக்கி, தூளைத் தூவி, வெள்ளிக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு ஒரு தகரத் தட்டில் வைத்தேன். பண்ணையில் அது சாப்பிட்ட பழைய தட்டு மாதிரி இருக்க வேண்டும் இல்லையா?

சட்டையிலிருந்து இறக்கும் முன்பே குட்டியின் மூக்கு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. தரையில் விட்டேன். தள்ளாடிப் போய்த் தட்டில் முகத்தைப் புதைத்தது. வால் முதலில் ஒரு பக்கம் அசைந்தது, அப்புறம் இரண்டு பக்கமும். மிஷின் ஒன்றும் ஓடவில்லை. அந்தக் கூடம் முழுக்க அது நக்குகிற சத்தம்தான்.

“என்ன சத்தம் பாருங்க இது” என்றார் டீச்சரம்மா. “ஒரு நாகரிகமே இல்ல.” சொல்லிவிட்டுத் தட்டை அதற்கு வாகாகப் பிடித்துக்கொண்டார், கருவாட்டுத் தட்டை, வெறுங்கையால்.

ஒரே தடவையில் நிறையக் கொடுக்கவில்லை. இரண்டு கரண்டி, ஒரு மணி கழித்து மறுபடி இரண்டு கரண்டி. சாயங்காலம் டாக்டரிடமும் காட்டினோம். அவர் பார்த்துவிட்டு, “வெல்லம் தடவுனது யாரு?” என்றார். நான்தான் என்றேன். “இல்லாட்டி இங்க வந்திருக்காது” என்றார். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன்.

ஆனால் டாக்டரிடம் போகும் முன்பு இன்னொன்று நடந்தது. குட்டி தூங்கியதும் டீச்சரம்மா தமிழ் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். ஐந்து காகிதம், நடுவில் நடுவில் கார்பன் வைத்து உருட்டி ஏற்றினார்.

“சொல்லுங்க.”

“இன்னாங்க சொல்ல?”

“குட்டி என்ன சாப்பிடும், எத்தனை தடவை, எவ்வளவு, எதுல படுக்கும். கேக்கறேன், சொல்லுங்க. முதல் சாப்பாடு எத்தனை மணிக்கு?”

“காலையில மொத பாசஞ்சர் போனதும்ங்க.”

“கடியாரத்துல சொல்லுங்க.”

அப்படியே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். நான்கு வேளை. கூழ் இத்தனை கரண்டி. கருவாடு உப்பு எடுத்தது, ஒரு சிட்டிகை. “எதுல படுக்கும்?” என்றார். மல்லாட்டை மூட்டைச் சாக்கில் என்றேன். வெல்வெட் மெத்தையைப் பார்த்தார், அடித்தார்: ‘பழைய சாக்கில் ஒரு துண்டு குட்டியோடு கொடுத்தனுப்பப்படும்.’ பத்து நாளைக்குப் பழைய சாப்பாடே, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புதுச் சாப்பாடு என்று நான் சொன்னேன். அவர் அதற்கு அடியில் கோடு போட்டார். கடைசியில் ஒரு வரி அடித்து, காகிதத்தை உருவி, பேனாவைக் கொடுத்தார்.

“இது என்னாங்க கடைசியில?”

“‘மேலே சொன்னது உண்மை.’ அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க. அஞ்சிலயும்.”

கையெழுத்து மட்டும் எனக்கு நன்றாக வரும். நிறைய இடத்தில் போட்டிருக்கிறேன். அன்றைக்கு ஐந்தாவது காகிதம் வருவதற்குள் கை வேர்த்துவிட்டது.

ஒன்றை அவர் வைத்துக்கொண்டார். நாலை என்னிடம் கொடுத்தார். “அடுத்த நாலு குட்டியோட இதைக் குடுங்க. தீந்ததும் வாங்க, அடிச்சுத் தரேன்.” கூழ் விஷயத்தில் அவர் வீட்டில் ஒரு சட்டம் வந்தது, கருவாடு பின்பக்கக் குழாயடியைத் தாண்டி மாடி ஏறக்கூடாது. பத்து நாள் அப்படிப் போய், பிறகு கருவாட்டைக் குறைத்துத் தயிரைக் கூட்டி, மெல்ல மெல்லக் கமாவை மாற்றினார். அது பல வருஷம் இருந்தது, மிஷின் சத்தம் நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்குமாம்.

சீட்டைக் கொடுக்க ஆரம்பித்ததும் வியாபாரம் கூடியது என்று நினைக்காதீர்கள். முதல் சீட்டைப் படித்த ஒரு வக்கீல், குட்டியைக் கூடையோடு திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். “பேஜாரு புடிச்ச வேல இது” என்று நானே சலித்துக்கொண்டேன். வீட்டுக்காரி, “குடுக்கறத நிறுத்துனா நான் காய்ச்சறத நிறுத்திடுவேன்” என்றாள். கொடுத்தேன். ஒரு வருஷத்தில் எனக்கே தெரிந்தது, சீட்டோடு போன குட்டி வீட்டிலிருந்து மெடிக்கல் ஷாப்புக்குப் போன் வரவில்லை. ஒன்றுகூட விழவில்லை. அதற்கப்புறம்தான் ஆட்கள் தேடி வந்தார்கள்.

சீட்டில் வரிகள் கூடின. பிறகு ஒரு தடவை கோட்டக்குப்பத்தில், வெளிநாட்டில் சம்பாதித்த ஒரு பாய் வீடு, குட்டி போன அன்றைக்கே தெருவே பார்க்க வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு தடவை தூக்கியிருக்கிறார்கள். குட்டி பீரோவுக்கு அடியில் போய் இரண்டு நாள் வெளியே வரவில்லை. “பாய், தயவுபண்ணி எல்லாரையும் அனுப்பிட்டு, தட்டை பீரோ பக்கத்துல வச்சிட்டுப் போயிடுங்க” என்றேன். அவர் விருந்தாளிகளிடம் எப்படிச் சொல்வது என்று தவித்து, வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே குட்டி சாப்பிட்டது. ‘மூன்று நாளைக்கு விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டாம்’ என்ற வரி அப்படி வந்தது. டீச்சரம்மா அடித்தார்.

மெட்ராஸ்காரர் அடுத்த தடவை வந்தபோது சீட்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். “கருவாட்ட டைப் அடிச்சுக் குடுத்த ஒரே ஆளு நீதான்டா” என்றார். சிரித்து முடித்துவிட்டு, இரண்டு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறு வருஷம் மெட்ராஸில் குட்டி விற்கிறவர்கள் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அது அங்கேதான் உண்டானது என்று இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. போன மாதம் நம் சங்கக் கூட்டத்திலேயே ஒருவர் மேடையில் அப்படிச் சொன்னார். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அதனால் சொல்கிறேன். இப்போது நீங்கள் கொடுக்கிற சீட்டு வழவழக் காகிதத்தில் இருக்கிறது. குட்டியின் படம் இருக்கிறது. நேரம் கடிகாரத்தில் இருக்கிறது, பழைய துணி ஒன்று கொடுத்தனுப்ப வேண்டும் என்று இருக்கிறது, பத்து நாளைக்குச் சாப்பாட்டை மாற்றாதே என்று இருக்கிறது, அதன் அடியில் கோடுகூட இருக்கிறது. எல்லாம் என் சீட்டு. கடைசி வரி மட்டும் இல்லை. ‘மேலே சொன்னது உண்மை’ என்று போட்டு, விற்கிறவன் கையெழுத்துப் போடுகிற இடம். அதை யார் எடுத்தது, ஏன் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. திரும்பப் போடுங்கள். குட்டிக்கு நாம் போடுகிற சாப்பாட்டைச் சொல்ல வெட்கமாக இருந்தால், அதை மாற்றுங்கள், அல்லது வெட்கத்தை விடுங்கள். பொய்யை மட்டும் குட்டியோடு அனுப்பாதீர்கள், அதைத் தின்ன முடியாமல்தான் அது விழுகிறது.

அந்த வரியைப் போடும்போது அதற்குக் கீழே இதையும் அச்சடிக்க வேண்டும், இதுதான் நான் கேட்பது: முதலில் கையெழுத்துப் போட்டவர் விழுப்புரம் ஏழுமலை, கூழ் காய்ச்சியது அவர் வீட்டுக்காரி, அடித்துக் கொடுத்தது திண்டிவனம் டீச்சரம்மா. எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. என் பெயர் முதலில் வர வேண்டும்.